ஃபெர்ரிக்கு எதுக்கு ஸ்வெட்டர்?

“ஃபெர்ரியில போறதுக்கு எவனாவது ஸ்வெட்டர் போடுவானா? இந்தப் பினாங்கு வெயில்ல...”

“மெதுவா பேசுங்க, மோகனா வீட்டுக்குக் கேட்டு...”

“கேட்டா கேக்கட்டும்! பிள்ளைங்கள அவிச்சு எடுக்கப் போறியா? நான் என்ன...”

“போட்டுக்குங்கன்னா போட்டுக்குங்க லா! லிஃப்ட்ல இறங்குற வரைக்கும்தான். அப்புறம் கழட்டிப் பையில வச்சுக்கலாம். ராத்திரி திரும்பி வரும்போது மறுபடியும் போட்டுக்கணும்.”

மனைவி ஜெசிந்தா நீட்டிய ஸ்வெட்டரைப் பெனடிக் வாங்கிக்கொண்டார். கிறிஸ்மஸ் காலை, இன்னும் பொழுது விடியவில்லை. கெலுகோர் அடுக்குமாடியின் ஆறாவது மாடியில், கழுத்துவரை கம்பளி ஏறிய ரெபேக்காவும் தம்பி ஜோயலும் கதவருகே வேர்த்து வழிய நின்றார்கள்.

கிறிஸ்மஸ் என்றால் ஜெசிந்தா வீட்டுக் கதவு திறந்தே கிடக்கும். ஆறாவது மாடி மொத்தமும் வந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் நகரும். இந்த வருஷம் தொழிற்சாலையில் பெனடிக்கின் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். பிரியாணிக்கு வழியில்லை. வருகிறவர்களிடம் பிஸ்கட் தட்டை நீட்ட ஜெசிந்தாவுக்கு மனசும் இல்லை. அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. விடிவதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது, இருட்டிய பிறகு திரும்புவது. அதுவரைக்கும் நாலு பேரும் ஐம்பது வெள்ளிச் செலவுக்குள் கிறிஸ்மஸ் கொண்டாடியாக வேண்டும்.

“மோகனாகிட்ட என்னதான் சொல்லி வச்சிருக்க?” என்றார் பெனடிக், ஸ்வெட்டருக்குள் தலையை நுழைத்தபடி.

“ஏதோ சொன்னேன். இந்நேரம் மாடி பூராவும் தெரிஞ்சிருக்கும். உங்களுக்கு எதுக்கு? உங்க முகத்துல ஒரு பொய் நிக்காது.”

மோகனா வீட்டைக் கடக்கும்போது இஞ்சி பூண்டு வதங்கும் வாசனை மூக்கைத் துளைத்தது.

“விடியறதுக்கு முன்னாடியே என்ன வதக்கல்?”

“மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டு நடங்க.”

அதன் பிறகு எல்லாம் நன்றாகத்தான் போனது. காலைப் பூசை முடிந்ததும் இலவச பஸ்ஸில் ஏறி, ஒரு பேரங்காடியில் இறங்கினார்கள். மூன்று மாடி உயரத்துக்கு நின்ற கிறிஸ்மஸ் மரத்தடியில் விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். ரெபேக்கா ஒரு கப் சாக்லேட் பானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஜெசிந்தா விலைப் பலகையைப் பார்த்தாள்.

“இந்தக் காசுக்கு நாம இன்னொரு தடவை ஃபெர்ரியில போய்ட்டு வந்துடலாம்மா.”

“அப்ப ரெண்டு தடவையா?” என்று ஜோயல் குதித்தான். ரெபேக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாக்லேட் மறந்துபோனது.

படாங் கோத்தா கடற்கரையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த முட்டை ரொட்டியைத் தின்றார்கள். ஐம்பது வெள்ளி அப்படியே பர்ஸில் இருந்தது.

“பாத்தீங்களா? இன்னும் ஒரு காசு உடையல” என்றாள் ஜெசிந்தா. அடுத்த நிமிஷம் குரல் இறங்கிவிட்டது. “ஆனாலும் கதவைப் பூட்டி வச்சுட்டு ஒரு கிறிஸ்மஸா? மோகனா பிள்ளைங்க ஈரல் துண்டுக்கு அடிச்சுக்குங்க. பஷீர் பாய் மூணாவது தட்டு வாங்கிட்டு, இதுதான் முதல் தட்டும்பாரு...”

“விடு ஜெசி. அடுத்த வருஷம் சேத்து வச்சுப் போடலாம்.”

மதியம் ஃபெர்ரியில் ஏறினார்கள். கீழ்த்தளத்தில் ஏர்கோன் குளிர் பிய்த்து வாங்கியது. ஜோயல் பல் தந்தியடிக்க, தானாகவே ஸ்வெட்டரை மாட்டிக் கம்பளிக் குல்லாயையும் போட்டுக்கொண்டான்.

“ஸ்வெட்டர் எதுக்குன்னு கேட்டீங்களே, இப்ப உதவுச்சா இல்லையா?” என்று ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“பெனடிக் அண்ணே!”

பின்வரிசையிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் நிமிர்ந்தவள் அப்படியே இருக்கைக்குள் சரிந்தாள். பெனடிக் திரும்பினார். ஆறாவது மாடி மொத்தமும் அங்கே உட்கார்ந்திருந்தது. மோகனா மடியில் ஒரு பெரிய சட்டி. பஷீர் பாய் கையில் அடுக்குப் பாத்திரம். பிள்ளைகள் கையில் பாய், தண்ணீர்ப் போத்தல்.

“மொத்தப் படையும் எங்க கிளம்பிட்டீங்க?”

“பட்டர்வொர்த் கடற்கரைக்குண்ணே” என்றாள் மோகனா. “உங்க ஓவர்டைம் விஷயம் எங்களுக்குத் தெரியாதா? இந்த வருஷம் அக்கா அடுப்புப் பக்கமே போகக் கூடாது, ஆளுக்கொரு சட்டி சமைச்சுக்கிட்டு சொல்லாம உங்க வாசல்ல வந்து நிக்கணும்னு பேசி வச்சிருந்தோம். நேத்து ராத்திரி அக்கா வந்து, ஊர்லயே இருக்க மாட்டோம்னு சொல்றாங்க. அப்ப கோழி மசாலாவுல ஊறிக்கிட்டு இருக்கு!”

“உங்க வீட்டுப் பூட்டைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டா யாருக்குச் சோறு இறங்கும்?” என்றார் பஷீர் பாய். “அதான் சட்டியோட கிளம்பிட்டோம்.”

“ஊர்ல இருக்க மாட்டோமா?” பெனடிக் மனைவியைப் பார்த்தார். ஜெசிந்தா ஜன்னல் வழியே கடலைப் பார்த்தாள். இதுவரை கடலையே பார்க்காதவள்போல அப்படி ஒரு கவனம்.

மோகனா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டியை ஜெசிந்தா மடியில் வைத்து மூடியைத் திறந்தாள். பிரியாணி வாசனை தளம் முழுக்கப் பரவியது. ஜோயலின் குல்லாயை அவன் காது மூடும்படி நன்றாக இழுத்துவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டாள்:

“அத விடுங்கக்கா. கேமரன் மலையில குளிர் எப்படி?”