வியாழன் ஐந்து மணி ஆள்

மருந்து எழுதுவது, புத்தி சொல்வது இரண்டுமே அந்த மனநல ஆலோசகரிடம் கிடையாது. எதிரே உட்கார்ந்து, "உங்களுக்கு வாழ்க்கையில என்னதான் வேணும்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பார். முப்பது வருடம் அப்படிக் காத்திருந்ததில் இடுப்பு விட்டுப்போனது, கூட்டமும் கரைந்துபோனது. எப்போதோ கடையைக் கட்டியிருப்பார். வியாழன்தோறும் ஐந்து மணிக்கு வரும் லிஃப்ட் மெக்கானிக்கை அம்போவென்று விட்டுவிட மனம் வரவில்லை.

இன்று சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"இன்னியோட மூடிடலாம்னு இருக்கேன். நீங்க தாங்கிக்குவீங்களா?"

"அப்பாடா!" என்றார் மெக்கானிக். "எனக்குச் சரியாகி மூணு வருஷமாச்சு டாக்டர். வேற யாருமே வர்றதில்ல. நானும் நின்னுட்டா நீங்க ஒடிஞ்சு போயிடுவீங்களேன்னுதான் வந்துட்டிருந்தேன்."

ஆலோசகருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அப்போ நீங்க சொன்னதெல்லாம்? பாத்திரம் கழுவுறப்போ காரணமே இல்லாம அழுகை வருதுன்னீங்களே? வீட்டுல நாம இருக்குறதே யாருக்கும் தெரியலைன்னீங்களே?"

"அதெல்லாம் என் பொண்டாட்டி சொல்லிக் குடுத்தது டாக்டர். 'இந்த வாரம் அவர்கிட்ட என்னத்தைச் சொல்றது'ன்னு கேட்பேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்க மாட்டா, கடகடன்னு சொல்லுவா. கெட்டிக்காரி!"

ஆலோசகர் சாவியை மெல்ல மேஜைமேல் வைத்தார்.

"அடுத்த வியாழக்கிழமையும் திறந்திருப்பேன்," என்றார். "நீங்க வரவேணாம். அவங்களை அனுப்புங்க."