சும்மா ஒரு டெஸ்ட்

"உங்க மொழிபெயர்ப்பு தேறலைம்மா" என்று கழுத்து டையை நீவியபடி சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார் டைக்காரர். சொல்லும்போதே அந்தத் தேறாத மொழிபெயர்ப்பைத் தன் லேப்டாப்பில் பத்திரமாகச் சேமித்தும் கொண்டார்.

அதோடு வாஷிங் மெஷின் மேனுவல் முழுசாகிவிட்டது. இன்றைக்கே அதை முதலாளி கையில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் டைக்காரர் பிழைப்பில் மண்தான்.

எதிரே இருந்த பெண் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். டைக்காரர் பெரிய மனது பண்ணி எழுந்துபோய் ஏசி சுவிட்சைத் தட்டினார். விளக்கு அணைந்தது. பக்கத்து சுவிட்சைத் தட்டினார். எங்கேயோ ஒரு மணி அடித்தது. விளக்கை மட்டும் மறுபடி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எங்க தப்புன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவேன் சார்."

"ஃபீல் வரலை."

"துணி துவைக்கிற மெஷினுக்கு என்ன சார் ஃபீல்?"

டைக்காரருக்குச் சுருக்கென்றது. வேலை கேட்டு வருகிறதுகள் பல்லைக் காட்ட வேண்டிய இடத்தில் நாக்கைக் காட்டினால் அவருக்கு ஆகாது.

அவள் விடுவதாயில்லை. "நீங்க டெஸ்ட்டுக்குக் குடுத்த இங்கிலீஷ் பாதி வாக்கியத்துல ஆரம்பிக்குது சார். 'டிரம் சுற்றும்போது'ங்கிறதுதான் முதல் வரியே. டிரம் சுத்தும்போது என்ன செய்யக் கூடாதுன்னு மண்டையைக் குடைஞ்சுது. வெளிய உக்காந்திருக்கிற அண்ணன்கிட்டக் கேட்டேன். அவரோட டெஸ்ட் 'உள்ளே கையை விடாதீர்கள்'ல முடியுதாம்."

"அதனால?"

"ஒரே மேனுவலைக் கூறு போட்டு ஆளுக்குக் கொஞ்சமா குடுத்திருக்கீங்க. ராப்பகலா உக்காந்து செஞ்சு குடுத்தோம். மொத்தத்தையும் ஓசியில முடிச்சுட்டீங்க."

டைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "டெஸ்ட்டுக்கு எவனாவது காசு குடுப்பானாம்மா? திறமையைக் காட்ட ஒரு வாய்ப்புக் குடுத்தா கூலி கேக்குறீங்க! கையில வேலை இல்லாதவங்களுக்கு இவ்வளவு ரோஷம் ஆகாது."

"ரோஷம் இருக்கறதாலதான் சார் கிளம்புறேன். உங்க நாற்காலிக்கு அது தேவையில்ல போலிருக்கு."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. 'திமிரு' என்று முணுமுணுத்தார் டைக்காரர். வெளியே இருந்த அண்ணனைக் கூப்பிட்டு, ஃபீல் இல்லை என்று அவரிடமும் சொல்லி அனுப்பினார். துண்டு துண்டாக இருந்த மேனுவலை ஒட்டவைத்து, பென்டிரைவில் போட்டுக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்.

முதலாளி நிதானமாகப் படித்துப் பார்த்தார். "அட, சுத்தமா இருக்கே! செலவு?"

"ஒரு டீ கூட வாங்கிக் குடுக்கலை சார்."

"வந்தவங்கள்ல யாரையாவது எடுக்கிறதா வாக்குக் குடுத்தீங்களா?"

"சேச்சே! அத்தனை பேரையும் கழிச்சுக் கட்டிட்டேன்."

"யாரும் முறைச்சுக்கலையா?"

"ஒருத்தி எகிறினா சார். மூஞ்சியில அடிச்ச மாதிரி நாலு வார்த்தை சொன்னேன், போயிட்டா. இந்த ஜனங்களுக்கு இடம் குடுக்கவே கூடாது சார். நாளைக்கே இன்னொரு டெஸ்ட் குடுங்க, வாலை ஆட்டிக்கிட்டு வந்து நிப்பாங்க."

"கரெக்ட்" என்று முதலாளி ரசித்துச் சிரித்தார். பென்டிரைவைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மேசையின் அடியிலிருந்து தடியான இன்னொரு மேனுவலை எடுத்து வைத்தார். மைக்ரோவேவ் அடுப்பினுடையது.

டைக்காரர் ஆவலோடு கையை நீட்டினார். முதலாளி அதைக் கவனிக்கவில்லை.

"நீங்க கிளம்பலாம். மெயில் பண்றோம்."

டைக்காரர் நகராமல் நின்றார். டையின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முதலாளி இன்டர்காமில் வரவேற்பாளரைக் கூப்பிட்டுவிட்டார்.

"மேனேஜர் வேலைக்கு வந்திருக்கிற அடுத்த ஆளை அனுப்பும்மா, இவரோட டெஸ்ட் முடிஞ்சுது."