நாளைக்கே புகார்

டைப்பிஸ்ட் வேலை பார்க்கும் மனைவி, வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்.

“கூட்டத்துக்குத் தேதியைத் தப்பாச் சொன்னது மேனேஜர். பழி மட்டும் டைப்பிஸ்ட் தலையிலயா? எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுத் திட்டலாமா? அழுதா, ‘இந்த நடிப்பெல்லாம் வீட்டுல வெச்சுக்கோ’ன்னு சொல்லலாமா?”

கணவனுக்கு ரத்தம் கொதித்தது.

“எந்தப் பய அவன்? மேலிடத்துல புகார் குடுக்க வேண்டியதுதானே?”

“குடுத்தா வேலைக்கே உலை வெச்சிடுவாங்க, வாயை மூடிக்கிட்டு இருன்னு ஆளாளுக்குச் சொல்றாங்களே.”

“வாயை மூடிக்கிட்டு இருக்கிறதாலதான் இவனுங்க தலையில ஏறி உக்கார்றானுங்க. நாளைக்கே புகார் குடுக்கணும். அப்புறம் என்ன வந்தாலும் நான் பார்த்துக்கறேன்.”

மனைவியின் முகம் தெளிந்தது. வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“உள்ளே வாம்மா. இனிமே பஸ் ஸ்டாப்புல நின்னு அழ வேண்டாம். புகார் குடுக்கச் சொல்லி உங்க மேனேஜரே சொல்லிட்டார்.”

கண்களைத் துடைத்துக்கொண்டே அவனுடைய அலுவலக டைப்பிஸ்ட் உள்ளே வந்தாள்.

காலையில் தான் போட்ட கூச்சல் அப்போதுதான் அவனுக்கு நினைவுக்கு வந்தது.