நடு முளை

அக்கேயோ நிலத்தின் நடுவில் முதல் முளையை அடித்தாள். மற்ற முளைகளுக்கெல்லாம் அதுதான் பூஜ்யம். கிழக்கே எத்தனை, வடக்கே எத்தனை என்று அங்கிருந்துதான் கணக்கு.

சற்று நேரத்தில் சித்தப்பா ஒயூகியின் புது வீடு சுண்ணாம்புக் கோடாகத் தரையில் விரிந்தது. வாசல், கூடம், படுக்கையறை, கோடியில் கக்கூஸ் குழி.

நிலம் அவள் அப்பாவுடையது.

அப்பா செத்ததும் சித்தப்பா குடிசையை இடித்தார், மரங்களை வெட்டினார், கல்லறை மேட்டையும் சேர்த்து உழுது மக்காச்சோளம் போட்டுவிட்டார். கல்லறை இருக்கும் நிலம் அந்தக் குடும்பத்துக்கே என்பது ஊர் வழக்கம். புருஷன் கல்லறையைக் காட்டு, நிலம் உனக்கு என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். அக்கேயோவை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா கொல்லை முழுக்க அலைந்தாள். காட்ட முடியவில்லை. அண்ணனைப் புதைத்தது வேலிக்கு வெளியே என்று சித்தப்பா கூசாமல் சத்தியம் செய்தார். அம்மா அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள்.

அதே பெரியவர்கள் இன்று ஆசீர்வாதம் பண்ண வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கிசுமு டவுன்ல பெரிய சர்வேயரு. பழசெல்லாம் மறந்துட்டு சித்தப்பாவுக்கு அளந்து தர வந்திருக்கா பாருங்க" என்றார் ஒயூகி.

அவள் எதையும் மறக்கவில்லை.

"சித்தப்பா, மழைத்தண்ணி வாசலுக்கு வரும். திருப்பிப் போடுறேன்."

நடு முளை நின்ற இடத்தில் நிற்க, வீட்டைக் கால் சுற்று திருப்பினாள். கிழக்கு எண்ணும் வடக்கு எண்ணும் இடம் மாறின, ஒன்றுக்குக் கூட்டல் கழித்தல் குறி மாறியது. அளவு கூடாமல் குறையாமல் வீடு கக்கூஸ் குழியோடு அடுத்த மூலைக்குப் போய் உட்கார்ந்தது. சித்தப்பா தலையாட்டினார்.

"இப்ப ரோட்டுக்கு முதுகு காட்டுது" என்றாள் அக்கேயோ.

இன்னொரு கால் சுற்று. சித்தப்பா கொட்டாவி விட்டார்.

"சாயங்கால வெயில் படுக்கையில அடிக்குமே" என்றாள்.

இன்னொன்று. கடைசி முளையைக் காட்டி மண்வெட்டிக்காரனிடம் சொன்னாள்: "கக்கூஸ் குழி இங்க. தோண்டுப்பா."

சித்தப்பா முகத்தில் ஈயாடவில்லை.

"அங்க வேணாம்."

"ஏன் சித்தப்பா?"

"மண்ணு சரியில்ல."

"தோண்டிப் பாத்தா தெரிஞ்சிடும்."

மண்வெட்டி ஓங்கியது. ஒயூகி பாய்ந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணான்டா. அண்ணன் இருக்காருடா."

பெரியவர்களில் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அப்பா எங்கே கிடக்கிறார் என்று அந்த நிமிடம் வரை அக்கேயோவுக்கும் தெரியாது. இந்தச் சுற்றிலும் அகப்படாமல் போயிருந்தால், கண்ணாடியில் தெரிவதுபோல் வீட்டை இடவலமாகப் புரட்டிப்போட இன்னொரு சாக்கும் கைவசம் வைத்திருந்தாள்.

காலையிலிருந்து அவள் நிலத்தைப் பார்க்கவே இல்லை. சித்தப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.