உடையாத பூசணிக்காய்

சின்னப் படம் ஒன்று. கேமராதான் இயக்குநர், கிளாப் பலகை உதவி. படப்பிடிப்பு முடிகிற அன்று திருஷ்டி கழித்து உடைப்பதற்கென்று ஒரு பூசணிக்காயை முன்கூட்டியே வாங்கி மூலையில் வைத்திருந்தார்கள்.

கடைசிக் காட்சியும் முடிந்தது. "அண்ணே, பூசணிக்காயை உடைச்சிரலாமா?" என்றது பலகை.

பூசணிக்காய் மூலையிலிருந்து உருண்டு வந்தது. "எனக்கென்னமோ அந்த அழுகைக் காட்சி ஒட்டலைங்க," என்று அவசரமாகச் சொல்லிவைத்தது.

கேமரா யோசித்தது. "காய் சொல்றது சரிதான். மறுபடி எடுப்போம்."

மறுநாள் மழைக் காட்சியில் ஈரம் போதவில்லை என்றது காய். அப்புறம் கதாநாயகி சிரிப்பில் உயிரில்லை என்றது. "உனக்கு இவ்வளவு ரசனையா!" என்று கேமரா அதைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டது. போகப்போகப் பூசணிக்காய்க்கே தன் ரசனைமேல் நம்பிக்கை வந்துவிட்டது.

"எழுதி எழுதி அழிச்சு என் மூஞ்சியே தேஞ்சுபோச்சுண்ணே," என்று பலகை புலம்பியது. யார் கேட்டார்கள்?

ஒருநாள் குறை சொல்ல வாயெடுத்தபோது பூசணிக்காயின் அடிப்பக்கம் அழுகி ஒழுகியது. நாற்றம் தாங்காமல் பலகை அதைக் குப்பையில் உருட்டிவிட்டு, புதிதாக ஒன்றை வாங்கி வந்து, எதற்கு வாங்கியது என்பதையும் அதனிடமே சொன்னது.

புதுக்காய், அதுவரை எடுத்த படத்தைப் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்தது.

"முதல் காட்சியே சரியில்லையே!"

"எனக்கும் அப்படித்தான் பட்டுது," என்றது கேமரா.