சிலுவை கீறிய பூசணி

ஒரு விடுகதை. கொடியில் காய்க்க வைத்தவர் ஒருவர். கோயிலுக்குத் தூக்கி வந்தவர் இன்னொருவர். காணிக்கை யாருடையது? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

கங்காதர நெல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன தேவாலயம். அன்று அறுப்பின் பண்டிகை. நெல், வாழைத்தார், கோழி என்று வீட்டுக்கொன்று வந்திருந்தது. ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகும்.

செங்கம்மா மட்டும் வெறுங்கையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

"வருஷா வருஷம் பூசணி தூக்கிக்கினு வருவா. புருஷன் போனதும் ஆண்டவருக்கே கைய மூடிக்கினா" என்றாள் ஞானம்மாள், அவள் காதில் விழும்படியாகவே.

செங்கம்மாவின் கண் காணிக்கை மேசைமேல் இருந்தது.

மேசையில் இருந்ததிலேயே பெரியது ஒரு பூசணி. பிஞ்சிலேயே யாரோ நகத்தால் சிலுவை கீறியிருந்தார்கள். காயோடு சேர்ந்து அதுவும் வளர்ந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பாக நின்றது. கொண்டுவந்தவர் கிராம வருவாய் அதிகாரி பிலிப். அவருடைய பக்தியை எல்லோரும் மெச்சினார்கள்.

பிலிப் யாரிடமும் பணம் வாங்கமாட்டார். அதை அவரே பெருமையாகச் சொல்வார். போன வாரம் செங்கம்மாவின் புருஷன் நிலத்தை அவள் பேருக்கு மாற்றுவதற்காகப் பார்வையிடப் போனபோதும் எதுவும் கேட்கவில்லை. கொடியைப் பார்த்து, "நல்ல காய்ம்மா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் செங்கம்மா அந்தக் காயோடு அவர் வீட்டு வாசலில் நின்றாள். கதவைத் திறந்தது பிலிப்பின் மகள், மூன்றாம் வகுப்புப் படிக்கும் பவ்யா.

"ஆண்டவருக்குன்னு விட்டு வெச்சது பாப்பா. நைனாகிட்ட குடுத்துடு" என்று சொல்லிவிட்டு, செங்கம்மா அந்தச் சிலுவையை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

சிலுவை இருந்த காயை அறுக்க வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. அதனால்தான் அது இங்கே வந்தது. நிலத்துக்கான கையெழுத்து மட்டும் இன்னும் ஆகவில்லை. செங்கம்மாவைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார் பிலிப்.

ஏலத்தில் பொருளைத் தூக்கிக் காட்டி, கொடுத்தவர் பேரைச் சொல்வது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் வேலை. பூசணி பவ்யாவின் முறைக்கு வந்தது. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாள்.

"நம்ம வீட்டுதுன்னு சொல்லு கண்ணு" என்றார் பிலிப், மெதுவாக.

கடைசி வரிசையில் செங்கம்மா உதட்டின் மேல் விரல் வைத்து, சொல்லாதே என்று தலையாட்டினாள். நாளை திங்கட்கிழமை.

ஏலம் விடும் ஞானசிங் குனிந்து கேட்டார். "இது யாரு காணிக்கை, பாப்பா?"

பவ்யா அப்பாவைப் பார்த்தாள். செங்கம்மாவைப் பார்த்தாள்.

செங்கம்மா அத்தை கொடுத்தது, நைனா தூக்கி வந்தார் என்று சொன்னாள்.