இப்பக் கேக்குதா

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். கச்சேரிக்கு முந்தைய சவுண்ட் செக் முடிந்ததும், கூட்டத்துக்கு அரங்கக் கதவைத் திறப்பதற்கு முன்னால், அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு. அழாமல்.

பேருந்தில் வரும்போதே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். காது போய்க்கொண்டிருக்கிறது அண்ணே, வேறு யாரையாவது பார்த்துக்கொள்.

'வேறு யாரையாவது' என்ற இடம் வந்ததும் ஒவ்வொரு முறையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பேஸ் கிடாரைத் தோளில் மாட்டிய நாளிலிருந்து அவள் அண்ணனின் குழுவைத் தவிர வேறெங்கும் வாசித்ததில்லை.

கணவர் வழி உறவில் இன்னமும் கேட்பார்கள், "கிடாருக்கு ஆறு கம்பிதானே, உன்னோடதுல ரெண்டு அறுந்துபோச்சா?" என்று. சிரித்துவிட்டுப் போய்விடுவாள். பாட்டு நடக்கும்போது பேஸ் வாசிக்கிறவளை யாரும் பார்ப்பதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

இப்போது அவளுக்கே அவள் கேட்கவில்லை.

சில கச்சேரிகளாகவே இப்படி. காலடியில் சாய்த்து வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் எல்லோருடைய சத்தமும் வரும். அவளுடையது மட்டும் பக்கத்து வீட்டில் யாரோ அலமாரியை நகர்த்துகிற மாதிரி. ஏற்றச் சொல்வாள். சவுண்டுக்காரர் ஏற்றுவார். எதுவும் மாறாது.

மற்றவர்களுக்கெல்லாம் மாறியது. டிரம்ஸ்காரன் ஒரு தடவை கேட்பான், உடனே முகம் தெளிந்துவிடும். கீபோர்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஆமோதிப்பார். அவள் மட்டும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நிற்பாள்.

இரண்டு முறை கேட்கலாம். மூன்றாவது முறை கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதனால் போன கச்சேரியில், கேட்டுவிட்டதுபோலக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

சித்திக்கும் அப்படித்தான் தொடங்கியது. எது சொன்னாலும் சிரித்துத் தலையாட்டினாள். தங்கமான மனுஷி என்றார்கள். காது கேட்கவில்லை என்று வீட்டுக்குத் தெரிவதற்குள் அவள் பேச்சையே குறைத்திருந்தாள்.

காதில் விழாததை விரல் ஈடுகட்டப் பார்க்கும். ஓங்கி ஓங்கி வாசித்ததில் ஆள்காட்டி விரலின் காய்ப்பு கிழிந்துவிட்டது. கணவர் கேட்டபோது அடுப்பில் சுட்டுக்கொண்டதாகச் சொன்னாள்.

கிடாருக்குள் இருக்கும் சின்ன பேட்டரியை ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் மாற்றுவாள். இன்றைக்கு எடுத்து வர மறந்திருந்தாள். காதோடு சேர்ந்து ஞாபகமும் கிளம்பிவிட்டதா என்று தன்னையே திட்டிக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கி அரங்கின் கடைசி வரிசைக்கு நடந்தாள். சவுண்டுக்காரரின் பெட்டியில் எப்போதும் ஒன்றிரண்டு கிடக்கும்.

அவர் பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தபோது மேடையிலிருந்து டிரம்ஸ்காரன் குரல் கொடுத்தான். "அண்ணே, என் கிக் டிரம்மை ஏத்துங்க. செத்துக் கிடக்கு."

பெட்டியிலிருந்து தலையைக்கூட எடுக்காமல், அவர் சவுண்ட் மிக்ஸரின் கடைசிக் குமிழை மேலே தள்ளினார்.

"ஆங். இப்பதான் உயிர் வந்துச்சு."

அவள் அந்தக் குமிழைப் பார்த்தாள். மற்றவற்றுக்குக் கீழே வெள்ளை டேப்பில் பெயர் எழுதியிருந்தது, மேலே பச்சை விளக்குகள் துடித்தன. இதற்குப் பெயரும் இல்லை, விளக்கும் இல்லை.

"தம்பி, இதுல என்ன வருது?"

அவர் மேடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணும் வராதுக்கா. வயரே சொருகல. ஆளாளுக்கு ஏத்து ஏத்துன்னா நான் எங்க போறது? இதைத் தள்ளுவேன். எல்லாருக்கும் கேட்டுரும்."

"எனக்கும் இதானா?"

அவர் பிடரியைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க. பேஸை ஏத்தினா மேடையே குமுறும். அதான். நீங்க ஒருத்தர்தான் கேக்கல கேக்கலன்னு என் உயிரை எடுத்தீங்க. போன தடவை நீங்களும் விரலைக் காட்டிட்டீங்க, அப்பாடான்னு இருந்துச்சு."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மேலே எங்கோ ஏசி உறுமிக்கொண்டிருந்தது. நாற்காலி துடைக்கும் அம்மாள் தனக்குள் எதையோ முனகிக்கொண்டிருந்தாள். அண்ணன் மைக்கைத் தொடுவதற்கு முன்னால் வழக்கமாகச் செருமுகிற சின்னச் செருமல், அதுவும் இத்தனை தூரம் தாண்டி வந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், காணாமல் போன நகைப்பெட்டி திரும்பக் கிடைத்தவள்போல.

"அக்கா, மேடையில சொல்லிராதீங்க. பொழப்பு போயிரும்."

"சொல்லல."

பேட்டரியை மாட்டி, மேடையேறி, தன் இடத்தில் நின்றாள். விரல் எரிந்தது. ஓங்கி அடிக்காமல், அந்தக் காலத்தில் வாசித்ததுபோல மெதுவாக வாசித்தாள். பிறகு, ஏற்றுங்கள் என்று கைகாட்டினாள்.

தூரத்தில் சவுண்டுக்காரரின் கை போவது தெரிந்தது. பழக்கம் எங்கே போகும், கடைசிக் குமிழுக்குத்தான்.

"ஆங், இப்ப சூப்பர்" என்றான் டிரம்ஸ்காரன், அவளுக்காகவும் சேர்த்து. கீபோர்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். "ஓகேதானேம்மா? விரலைக் காட்டு. கதவைத் திறக்கச் சொல்லணும்."

அவள் கையைக் கம்பிகளிலிருந்து எடுக்கவில்லை.

"கேக்கலண்ணே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் மைக்கை மூடிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "எல்லாருக்கும் கேக்குது. உனக்கு மட்டும் என்னம்மா ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகலண்ணே" என்றாள். "கேக்கல, அவ்வளவுதான்."